ஒரு பிடி இறகு வாடகை

மிந்தெல் ஒரு வேற்று மதத்தான் வீட்டில் தரை தேய்த்தாள் என்று இன்றைக்கும் சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும். அந்த மூக்குகளில் பாதி, தாயின் இடுப்பில் உட்கார்ந்து ஜெபவீட்டுக்கு வந்து போனவை. அவள் அங்கே தரை தேய்க்காமல் இருந்திருந்தால் அந்தத் தாய்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பார்கள். நான் யூடெஸ், எதிர் வீட்டில் உட்கார்ந்து வாத்து இறகு பிய்த்து விற்கிறவள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

பொடூப்னாவில் யூதர்களான எங்கள் முற்றத்துக்கு ஒரே வாசல்தான். உள்ளே ஐந்து வீடு, நடுவில் கிணறு, கடைசியில் ஜெபவீடு. மிந்தெலின் புருஷன் ஸன்வெல் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். ஒரு பனிக்காலத்தில் அடிமரம் ஒன்று உருண்டு வந்து அவர் இரண்டு கால்களையும் நசுக்கிவிட்டது. உயிர் தங்கியது, கால்கள் தங்கவில்லை. வைத்தியருக்கும் மருந்துக்கும் அலைந்தபோது மிந்தெல் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. அழுவதற்கு நேரம் எங்கே என்பாள்.

வார நாட்களில் ஸன்வெல் மரம் அறுக்கிறவர், ஓய்வுநாள் காலையில் அவர் வேறு ஆள். தோல் சுருளிலிருந்து வேதம் வாசிக்கிறவர் அவர்தான். சுருளில் மெய்யெழுத்து மட்டும்தான் இருக்கும். எங்கே எந்த உயிர், எங்கே எந்த ராகம் என்பதெல்லாம் வாசிப்பவர் மனத்தில் இருக்க வேண்டும். ஸன்வெல் வாசித்தால் பெண்கள் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கே வாயை மூடத் தோன்றும். எங்கள் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கால் போன பிறகும் அவர் வாசிப்பை விடவில்லை. தச்சர் நான்கு சக்கரம் வைத்து ஒரு கட்டை வண்டி செய்து கொடுத்தார். மிந்தெல் அவரை அதில் உட்கார வைத்து முற்றத்தைக் கடந்து தள்ளிக்கொண்டு போவாள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை எங்களுக்கு ஓய்வுநாள். வீட்டிலிருந்து வெளியே ஒரு கைக்குட்டையைக்கூடச் சுமக்கக் கூடாது, வண்டி தள்ளக் கூடாது, நடக்கத் தெரியாத குழந்தையைத் தூக்கக் கூடாது. ஆனால் சுவர் சூழ்ந்த ஒரு முற்றத்தில் நம்மவர்கள் மட்டும் குடியிருந்தால் வழி உண்டு. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு ரொட்டியை ஒரு வீட்டில் வைத்துவிட்டால், முற்றம் முழுக்க ஒரே வீடு என்று கணக்கு. அந்த ரொட்டி என் வீட்டு அலமாரியில் இருந்தது. அதன் தயவில் ஸன்வெலின் வண்டி ஓடியது.

பிறகு கம்பளி அடிக்கிற ஹாஸ்கெல் அமெரிக்கா போனான். போகிற அவசரத்தில் வாசலோர வீட்டை ஓஸ்டாப் என்ற ஆளுக்கு விற்றுவிட்டுப் போனான். ஓஸ்டாப் ஜமீன் காட்டில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை, ஒரு கிழட்டு நாய் மட்டும் உண்டு. யார் வம்புக்கும் போகாதவர். ஆனால் அவர் நம்மவர் இல்லை. அப்படி ஒருவர் முற்றத்தில் குடியிருந்தால் ரொட்டி மட்டும் போதாது. முற்றத்தில் அவருக்குள்ள பங்கை ஓய்வுநாளுக்கென்று வாடகைக்கு வாங்க வேண்டும். வாடகை எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சரி, ஆனால் வாங்கியே தீர வேண்டும்.

இதைக் கேட்க ஜெபவீட்டு தர்மகர்த்தா ஃபிஷெல் போனார். சாதாரணமாகப் போயிருக்கலாம். மனிதர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, மூவருமாகக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு போய் நின்றார்.

"ஐயா, முற்றத்துல உங்களுக்கு இருக்கிற பாத்தியதைய எங்களுக்கு வாடகைக்கு விடணும்."

"என்ன பாத்தியதை?" என்றார் ஓஸ்டாப்.

"நடக்கிற பாத்தியதை, சாமான் வைக்கிற பாத்தியதை, எல்லாந்தான்."

"எவ்வளவு தருவீங்க?"

"ஒரு ஹெல்லர்."

ஒரு ஹெல்லருக்கு ஒரு வெங்காயம்கூட முழுசாகக் கிடைக்காது. ஓஸ்டாப் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் எங்க நடக்கிறது?"

"நீங்க பழையபடியே நடக்கலாம். ஒண்ணும் மாறாது."

"ஒண்ணும் மாறாதுன்னா வாடகை எதுக்கு?"

"எங்க சட்டம் அப்படி" என்றார் ஃபிஷெல். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்க அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து இதிலேயே ஊறியவர்கள். பாத்தியதை என்ற சொல் வேறு யார் காதிலாவது வேறு மாதிரி விழும் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஓஸ்டாப்பின் முகம் சிவந்துவிட்டது. "என் மச்சானும் இப்படித்தான்யா சொன்னான். 'ஒண்ணும் மாறாது, இங்க ஒரு குறி போடு'ன்னான். போட்டேன். மறுவாரம் என் நெலத்துல அவன் ஏர் ஓட்டிக்கிட்டிருந்தான். ஒரு ஹெல்லராம், பாத்தியதையாம்! ஒண்ணு நீங்க பைத்தியம், இல்லேன்னா செய்வினை வைக்க வந்திருக்கீங்க. எறங்குங்க கீழ!" நாயும் குரைத்தது. மூன்று அங்கிகளும் திரும்பி ஓடி வந்ததை நான் சிரிக்காமல் பார்த்தேன் என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்த வாரமே சிரிப்பு போய்விட்டது. ஓய்வுநாள் காலையில் ஸன்வெலின் வண்டி நகரவில்லை. கூலிக்கு வெளியாள் வைத்துத் தள்ளச் சொல்லலாமே என்றால் அதற்கும் சட்டம் இடம் தரவில்லை. ஒரு வாரம் வெள்ளி மதியமே அவரை ஜெபவீட்டில் கொண்டு விட்டார்கள். சாப்பாடு எடுத்துக்கொண்டு போக முடியாது. காய்ந்த ரொட்டியைத் தின்றுவிட்டு சனி இரவு வரை பெஞ்சில் கிடந்தார். வெளிக்குப் போவதற்குப் பட்ட பாட்டை அவர் சொல்லவில்லை, திரும்பி வந்த முகம் சொல்லியது. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அவருக்குப் பதிலாக வாசிக்க வந்தவன் ஃபிஷெலின் மருமகன். அவன் மூக்கால் வாசிப்பான். ஸன்வெல் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு முற்றம் தாண்டி வருகிற அந்த மூக்கைக் கேட்டு, ஒவ்வொரு பிழையையும் சுவரைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார். மிந்தெலுக்கு அது போதுமாக இருந்தது. திருத்துகிற வரைக்கும் மனுஷன் உசிரோட இருக்கார் அக்கா என்று என்னிடம் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை மருமகன் ஒரு வரியையே விழுங்கிவிட்டான். ஜன்னலில் சத்தமே இல்லை.

"கேக்கலையா? தப்பா வாசிக்கிறான் பாருங்க" என்றாள் மிந்தெல்.

"வாசிக்கட்டும். நமக்கென்ன" என்று ஸன்வெல் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அந்த 'நமக்கென்ன'தான் அவளைக் கிளப்பியது. மறுநாள் காலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் மதகுரு ரபி மெய்லெக் வீட்டுக்குப் புறப்பட்டாள். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

எங்கள் சட்டம் ஆதியில் ஒரு பெருங்கடல். வாதம், எதிர்வாதம், நடுவில் கதை, மறுபடி வாதம். எதையாவது தேடி இறங்கினால் கரை சேர்வது கஷ்டம். ஸ்பெயின் பக்கம் எங்கோ வெயில் தேசத்தில் இருந்த பெரியவர்கள் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் உட்கார்ந்து அதை வகை பிரித்தார்கள். மளிகைக்காரன் டப்பா டப்பாவாக அடுக்குகிற மாதிரி, ஓய்வுநாளுக்கு இது, கல்யாணத்துக்கு இது என்று அடுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள், எங்கள் பக்கத்து வழக்கத்தை ஓரத்தில் சேர்த்தார்கள். எங்கள் சேற்றையும் பனியையும் கண்ணால் பார்க்காத அந்த மனிதர்கள், முற்றத்தில் குடிவரும் ஓஸ்டாப்புக்கும் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். ரபி அதைத்தான் திறந்தார்.

"இங்க பாரு மிந்தெல். அவன் தரமாட்டேன்னா, அவன் பொண்டாட்டிகிட்ட வாங்கலாம். அவனுக்குத் தெரியாமக்கூட வாங்கலாம்னு போட்டிருக்கு."

"அந்தம்மா செத்துப் போச்சே ரபி."

"அப்ப வேலைக்காரன்கிட்ட வாங்கலாம்."

"வேலைக்காரன் ஏது? நாய்தான் இருக்கு. நாய் வாடகைக்கு விடுமா?"

ரபிக்குச் சிரிப்பில் மூக்குப்பொடி தப்பான வழியில் ஏறிவிட்டது. தும்மி முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கீழே படித்தார். "வேலைக்காரன் நம்மாளா இருந்தாலும் செல்லும். அவன்கிட்ட கூலிக்கு நிக்கிறவனுக்கு அந்த வீட்டுல ஒரு பிடிப்பு வந்துடுது. எசமானனுக்காக அவனே வாடகைக்கு விட்டுடலாம்."

"வேலைக்காரியா இருந்தா?"

ரபி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நீ என்ன நெனைக்கிறேன்னு தெரியுது. வேண்டாம்மா. ஊரு வாய மூட முடியாது."

"ஊரு வாய நான் மூட வரல. செல்லுமா செல்லாதா, அத மட்டும் சொல்லுங்க."

ரபி தாடியை இழுத்தார், ஓரக் குறிப்பைப் படித்தார், மறுபடி தாடியை இழுத்தார். "செல்லும்" என்றார் கடைசியில். "ஆனா நெசமாவே வேலை செய்யணும், நெசமாவே கூலி வாங்கணும். நாடகம் செல்லாது. இன்னொண்ணு, அந்நிய ஆம்பளையோட அடைச்ச வீட்டுல நீ தனியா இருக்கக் கூடாது. கதவு தொறந்தே இருக்கணும்."

"தொறந்தே வச்சிட்டாப் போச்சு" என்று எழுந்துவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. ஃபிஷெலின் மனைவி கிணற்றடியில் வைத்தே கேட்டாள், "ஏண்டி, வேதம் வாசிக்கிறவர் பொண்டாட்டி போயி அவன் எச்சிக் கோப்பையக் கழுவணுமா?" மிந்தெல் வாளியை இறக்கிக்கொண்டே, "கோப்பை இல்ல, தரை. உங்க மருமகன் நல்லா வாசிச்சிருந்தா எனக்கு இந்த வேலையே இல்ல" என்றாள். அந்த அம்மாள் பாதி வாளித் தண்ணீரோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓஸ்டாப் கதவில் மிந்தெல் வாளியும் பிரஷ்ஷுமாக நின்றாள். அவர் சந்தேகமாகப் பார்த்தார். "நீ பாத்தியதை கேட்டவங்க ஆளா?"

"நான் வாளி கொண்டாந்த ஆளு. உங்க தரையப் பாத்தீங்களா ஐயா? நாயே காலத் தூக்கித் தூக்கி நடக்குது. வாரம் ஒரு நாள் தேய்ச்சு விடறேன். சும்மா இல்ல, கூலிக்கு."

காசு கொடுக்க அவரிடம் அதிகம் இல்லை. காட்டில் பொறுக்கி நூலில் கோத்துக் காயப்போட்ட காளான் சரம் சரமாக அடுப்புக்கு மேல் தொங்கியது. வாரத்துக்கு ஒரு சரம் என்று பேசி முடித்தார்கள். தள்ளுபடி கேட்டது ஓஸ்டாப், விட்டுக்கொடுக்காதது மிந்தெல்.

வேலை தொடங்கிய அன்றே சண்டை வந்தது. வெளியே கிணற்றுக் கயிறு விறைத்துப் போகிற குளிர். மிந்தெல் கதவை அகலத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"கதவச் சாத்தும்மா! வெறகு என்ன உங்கப்பன் காட்டுதா?"

"சாத்தினா நான் போயிடுவேன். அந்நியரோட அடைச்ச வீட்டுல இருக்க எங்க சட்டத்துல இடமில்ல."

"என் வீட்டுல எனக்கே குளிருது! உங்க சட்டத்துல அதுக்கு இடம் இருக்கா?"

"ஆட்டுத்தோல் கோட்டு இருக்குல்ல, போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். தொப்பியும் வைத்துக்கொண்டார். சொந்த வீட்டில் அடுப்புக்கு முன்னால் காட்டுக்குப் போகிற உடுப்போடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை எதிர் ஜன்னலிலிருந்து பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. அவள் என் கண்ணில் படும்படி நானும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இறகு பிய்த்தேன். விரல் மரத்துப் போய் இரண்டு வாத்துகளைப் பாழாக்கினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மிந்தெல் கைகளைத் துடைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிமிர்ந்து நின்றாள். "ஓஸ்டாப்போட வேலைக்காரி நான். இந்த முற்றத்துல அவருக்குள்ள பங்க எல்லாருக்காகவும் உங்ககிட்ட வாடகைக்கு விடறேன். என்ன தர்றீங்க?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையில் இருந்தது இறகுதான், ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். பொது ரொட்டியை நான் அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் வண்டி உருண்டது.

ஸன்வெல் சுருளின் முன் உட்கார்ந்தபோது முதல் வரியில் சுருதி இறங்கிவிட்டது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி எடுத்தார். பிறகு அது பழைய குரல். நான் மிந்தெலைப் பார்த்தேன். சோப்பில் வெந்து சிவந்த கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு, ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

இப்படிச் சில வாரம் ஓடியது. அப்புறம் எவனோ சாராயக்கடையில் ஓஸ்டாப்பைக் கிண்டல் செய்திருக்கிறான், உன் வேலைக்காரி உன் முற்றத்தையே ஒரு பிடி இறகுக்கு வாடகைக்கு விட்டுவிட்டாளாமே என்று. மனிதர் நேராக மிந்தெல் வீட்டு வாசலுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை, சூரியன் மில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம். அவள் மறுநாள் சாப்பாட்டுப் பானையைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுச் சிறுக்கி! என் வீட்டுச் சோத்துக் காளான வாங்கிக்கிட்டு என் பாத்தியதைய வித்தியா? இனிமே என் வாசப்படி ஏறாத. உனக்கு வேலை இல்ல, போ!"

முற்றமே வெளியே வந்துவிட்டது. வேலை போனால் வாடகை போயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓய்வுநாள் பிறந்துவிடும். ஃபிஷெல் வாயைத் திறக்கப் போனார். மிந்தெல் அவரைக் கையால் தள்ளிவிட்டு ஓஸ்டாப்பின் எதிரில் போய் நின்றாள். பயம் இருந்தால் மூக்கில் தெரியும் என்பார்கள், அவள் மூக்கு அசையவில்லை.

"உங்க வீடு எனக்கு வேண்டாம். உங்க முற்றம் வேண்டாம். அதோ அந்த ஜன்னல்ல தெரியுதே, அந்தத் தலை என் புருஷன். அவரு கால் மில்லுல போச்சு. அந்தக் கடைசிக் கட்டடத்துக்கு அவர வாரம் ஒரு நாள் தள்ளிக்கிட்டுப் போகணும். வாசிச்சாத்தான் அவருக்கு உசிரு. உங்க பங்க வாடகைக்கு வாங்காம நான் தள்ளக் கூடாது. அவ்வளவுதான் ஐயா சங்கதி. உங்க தரைய நான் ஏமாத்தித் தேய்க்கல."

ஓஸ்டாப் ஜன்னலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு ஃபிஷெலின் பக்கம் திரும்பினார். "இத ஏன்யா அன்னிக்கே சொல்லல? கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்து பாத்தியதை பாத்தியதைன்னீங்க. ஒரு மனுஷன் இருக்கான்னு ஒருத்தனும் சொல்லலையே!"

ஃபிஷெல் தன் அங்கியின் பொத்தானைத் திருகினார். எனக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

"தள்ளிக்கிட்டுப் போயேம்மா. நானா தடுக்கிறேன்?" என்றார் ஓஸ்டாப்.

"நீங்க சும்மா விட்டா செல்லாது. வாடகைதான் செல்லும்."

"நான் எதுலயும் குறி போட மாட்டேன். செத்தாலும் போட மாட்டேன்."

"வேண்டாம். உங்க வேலைக்காரி சொன்னாப் போதும். ஆனா இப்பதான் என்ன வெரட்டிட்டீங்க. சூரியன் எறங்குது, சீக்கிரம் சொல்லுங்க."

அவர் நாயைப் பார்த்தார், பூட்சைப் பார்த்தார். "கட்டிலுக்கு அடியில ஒழுங்காத் தேய்க்கலை நீ" என்றார். "அடுத்த வாரம் வந்து தேய்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். நான் ஓடிப்போய் இறகு அள்ளி வந்தேன்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவள் அவர் வேலைக்காரியாக இருந்தாள். ஸன்வெலின் வண்டி போன வழியில் கைக்குழந்தைக்காரிகளும் போனார்கள். ஓஸ்டாப் ஆட்டுத்தோல் கோட்டோடு உட்கார்ந்து அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார், இது ஏன் கூடாது, அது ஏன் கூடும் என்று. அவள் தரையைத் தேய்த்துக்கொண்டே தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததற்கு எரிந்து விழுவாள். அவள் வந்தால் கதவுக்கு அவரே கல்லை முட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

ஸன்வெல் ஒரு வசந்தத்தில் நெஞ்சு அடைத்து இறந்துபோனார். மிந்தெல் துக்க வாரம் உட்கார்ந்தாள். தாழ்ந்த முக்காலி, செருப்பில்லாத கால், கிழித்த சட்டை. துக்கம் உட்கார்ந்தவள் அந்த வாரம் வேலை செய்யக் கூடாது. வருகிறவர்களும் அவளாக வாய் திறக்கும் வரை பேசக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்தது. வேலை செய்யாதவளுக்கு ஏது கூலி, கூலி இல்லாவிட்டால் வேலைக்காரி ஏது என்று ஃபிஷெல் வெளியே கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். இந்த வாரம் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். அவளிடம் இதை எப்படிக் கேட்பது? இனி வண்டியில் வைத்துத் தள்ள அவளுக்கு ஆளும் இல்லை.

அப்போது ஓஸ்டாப் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். கையில் ஒரு சரம் காளான். யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்த வீட்டில், எல்லார் காதிலும் விழும்படி, "என் வேலைக்காரிக்கு இந்த வாரக் கூலி" என்றார்.

ஃபிஷெல் உஷ் என்றார். ஓஸ்டாப் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிந்தெல் நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வாரம் நான் ஒண்ணும் செய்யலையே ஐயா."

"கட்டிலுக்கு அடியில பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வந்து செய்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூலி வாங்கலேன்னா நீ என் வேலைக்காரி இல்லையேம்மா. அப்புறம் அந்தப் பொண்ணுங்க கொழந்தைங்கள எப்படித் தூக்கிக்கிட்டு வரும்?" என்றார்.

மிந்தெல் சரத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் அழுதாள். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"ஓஸ்டாப்போட வேலைக்காரி நான்" என்றாள். "என்ன தர்றீங்க அக்கா?"

நான் இறகு எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.